பெட்ஷீட் பெட்டி

என் தங்கைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. போனில் ஊராரின் புகார் கேட்கிற வேலைக்கு மூன்று மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு, மூன்றாம் மாடியில் ஓர் அறை பிடித்து 'வாழ்க்கைப் பயிற்சியாளர்' என்று பலகை மாட்டியிருந்தாள். குழம்பி நிற்கிறவர்களோடு பேசிப் பேசி, அடுத்து என்ன செய்வது என்று அவர்களையே சொல்ல வைக்கிற வேலை. மூன்று பேராவது சேர்ந்தால் பழைய வேலையை விடுவது, இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போவது என்று தனக்குத்தானே கெடு வைத்திருந்தாள். அதுவரை வந்தவர் ஒரே ஒருவர். அவரும் பல் டாக்டர் அறை என்று நினைத்து வந்தவர்.

"சும்மா உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிடும்ணா. நானும் உங்க வண்டியில வர்றேன்" என்றாள் ஒரு நாள்.

நான் வீடு மாற்றும் வண்டியில் சுமை தூக்குகிறேன். என் கூட்டாளிக்குப் பட்டப்பெயர் கோந்து. பிடித்தால் விடமாட்டான், பேச்சையும் சேர்த்துத்தான்.

அன்றைக்கு ஒரு தையற்கார அம்மா நாலாம் மாடிக்குக் குடிவந்தார். லிப்ட் ஓடவில்லை. இரும்பு பீரோவை நானும் கோந்தும் தூக்கினோம். அவன் மேலே, பின்பக்கமாக ஏறுவான். நான் கீழே. படி என் கண்ணுக்குத்தான் தெரியும்.

முதல் திருப்பத்தில் அந்த அம்மா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கையில் விளக்குக் கூண்டோடு வந்த தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்கே இருக்கணும்னு ஆசைப்படறீங்க?"

அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அஞ்சு வருஷமா? இன்னிக்கு ராத்திரி விரிக்கிற பெட்ஷீட் எந்தப் பெட்டியில இருக்குன்னே தெரியல. நீ வேற ஏம்மா?"

கோந்து சிரித்த சிரிப்பில் பீரோ ஆடியது.

"சிரிக்காதடா, இன்னும் ஒன்பது படி" என்றேன்.

"ஒன்பதுதானே? ஏறு."

தங்கை திரும்பினாள். "ஏண்ணா பொய் சொல்றே? இன்னும் மூணு மாடி இருக்கே."

"பொய் இல்ல. அடுத்த திருப்பத்துக்கு ஒன்பது. மொத்தத்தையும் சொன்னா இவன் கால் இங்கேயே மடங்கிடும்."

"என்னைக் குதிரைன்னு நினைச்சியா?" என்றான் கோந்து.

"குதிரையா இருந்தா பேசாம ஏறியிருக்கும்."

தங்கை சிரிக்கவில்லை. எதையோ தொலைத்த இடத்திலேயே கண்டெடுத்தவள் போல எங்களையே பார்த்தாள். பிறகு விளக்குக் கூண்டைக் கீழே வைத்தாள்.

"சரிக்கா. முதல்ல பெட்ஷீட். வாங்க, தேடலாம்."

பதினொன்றாவது பெட்டியில் கிடைத்தது. "அடுத்து?" என்று மட்டும் கேட்டாள். மெஷினை ஜன்னலோரம் போடணும் என்றார் அந்த அம்மா. அடுத்து? எதிர்வீட்டுக் கதவைத் தட்டித் தையல் தெரியும்னு சொல்லணும். நாங்கள் கட்டிலைப் பூட்டி முடித்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் அந்த அம்மா அறைக்கே வந்துவிட்டார், கட்டணத்தோடு. அவர் சொல்லி அவருடைய நாத்தனாரும் வந்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. நாங்கள் போகிற வீடெல்லாம் யாராவது ஒருவர் பெட்டிமேல் உட்கார்ந்து திருதிருவென்று விழிப்பதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். அன்றிலிருந்து பெட்ஷீட் பெட்டியைக் கடைசியாக ஏற்றி முதலில் இறக்கினோம். அதன்மேல் 'இதை முதலில் பிரிக்கவும்' என்று என் கோணல் எழுத்தில் எழுதி, தங்கையின் கார்டையும் ஒட்டினோம். ஒட்டுவது கோந்தின் பொறுப்பு.

கெடு முடிகிற சனிக்கிழமை காலை தங்கை வாசலில் நின்றாள். "ரெண்டு பேர்தாண்ணா. இதை வச்சு வருஷம் பூரா எப்படி ஓட்டறது? மொத்தம் எத்தனை பேர் வேணும்?"

"மொத்தம் சொல்லமாட்டேன். இன்னும் ஒரு ஆள்."

முறைத்தாள். ஆனாலும் அறையைத் திறக்கப் போனாள்.

மதியம் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருக்கு வீடு மாற்றினோம். பெட்ஷீட் பெட்டி மேலே போய்விட்டது. நாங்கள் பீரோவோடு இரண்டாம் மாடிப் படியில் இருந்தோம். மேலிருந்து அவர் குரல் கணீரென்று கேட்டது.

"அம்மா, பெட்டிமேல உங்க நம்பர் இருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் எல்லாரையும் இறங்கு இறங்குன்னேன். இப்போ என்னை இறக்கிவிட்டுட்டாங்க. எங்கே போறதுன்னு தெரியல... திங்கட்கிழமையா? வர்றேம்மா. கண்டிப்பா வர்றேன்."

நானும் கோந்தும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அடுத்த நொடி என் சட்டைப்பையில் போன் அடித்தது.

"எடுக்காதே, பீரோ விழும்!" என்று கத்தினான்.

"என் தங்கச்சிடா!"

"தெரியும்டா! இன்னும் எத்தனை படி?"

நான் எண்ணவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோந்து சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்து கை தளர்ந்தது. பாதிப் படியில் பீரோவை இறக்குவது எங்கள் தொழிலில் கிடையாது. அன்றைக்கு இறக்கினோம்.