நனைக்காத செவுரு

பச்சியப்பன் மேஸ்திரி காலையில் வந்து பார்த்தால், முந்தின நாள் பூசிய காம்பவுண்டு செவுரு வறண்ட ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. விரலை மடக்கித் தட்டினான். டொப்பு டொப்பு என்றது. பூச்சு கல்லைப் பிடிக்கவே இல்லை.

காரணம் அவனுக்குத் தெரியும். நேற்று வெயிலில் ஹாலோ பிளாக் கல் தோசைக்கல்லாய்க் காய்ந்து கிடந்தது. வேலை நடந்த நஞ்சம்மாள் வூட்டுக் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எதிர்வூட்டு செல்லம்மாள்தான் கூப்பிட்டுச் சொன்னாள்:

"எங்க போர்ல தண்ணி இருக்குதுங்கண்ணா. பைப்ப இழுத்துக்கங்க, செவுர நல்லா நனைச்சுட்டுப் பூசுங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா ஆத்தா?" என்று சிரித்தான். பாலக்கோட்டில் அடுத்த வேலைக்கு வாக்குக் கொடுத்திருந்த அவசரம். கலவைக்கு மட்டும் குடத்தில் வாங்கிக்கொண்டு, காய்ந்த கல்லிலேயே பூசிவிட்டான். சாயங்காலம் செவுரு வழவழவென்று நின்றது. செல்லம்மாள் வாசலில் நின்று, "கண்ணாடியாட்டம் இருக்குதுங்க" என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா மேஸ்திரி!" நஞ்சம்மாள் இப்போது வயிற்றில் அடித்துக்கொண்டாள். "கண்ணாடியாட்டம்னாளே, கொள்ளிக்கண்ணி! இது கண்ணுதானே? சொல்லுங்க!"

சித்தாள் சுகுணா அவன் முகத்தையே பார்த்தாள்.

"அப்படியும் இருக்கும்ங்க" என்று வாயில் வந்துவிட்டது.

நஞ்சம்மாள் பூசணிக்காயைக் கொண்டுவந்து செல்லம்மாள் வாசலுக்கு நேராகப் போட்டு உடைத்தாள். குங்குமம் அந்த வாசல் கோலம் வரைக்கும் தெறித்தது. செல்லம்மாள் வெளக்கமாறும் கையுமாக நின்று பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நல்லா இருக்குதுங்க மேஸ்திரி" என்றாள் சுகுணா. "நாளைக்கு உங்க பூச்சுக் கரணை ஒடஞ்சா எங்கண்ணுன்னு சொல்லிருங்க."

அவன் சுத்தியலை எடுத்தான். பூச்சு முழுவதையும் கொத்தித் தள்ளினான். அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டுமே. குழாய் அப்போதும் காற்றுதான் விட்டது.

"நீங்களே போய்க் கேளுங்க. நான் போகமாட்டேன்" என்றாள் சுகுணா.

கதவைத் தட்டினான். அவன் வாய் திறக்கும் முன்பே செல்லம்மாள் பைப்பை நீட்டினாள். முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டு, முகத்தைத் தன் வூட்டுப் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நான் செவுரப் பாக்கலீங்கண்ணா. நீங்க நனைச்சுப் பூசுங்க."

செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பான். தெருவைப் பார்த்துத் திரும்பினான்.

"நஞ்சம்மா! கண்ணுமில்ல ஒண்ணுமில்லீங்க! இந்தம்மா நனைக்கச் சொல்லிச்சு. நாந்தான் நனைக்கல!"

"அட விடுங்க மேஸ்திரி" என்றாள் நஞ்சம்மாள். "அதான் பூசணிக்கா ஒடச்சாச்சே. கண்ணும் கொஞ்சம் இருந்திருக்கும்."

அந்தப் பேச்சுக்கு முதலில் தலையாட்டியவன் அவன்தானே.

கல்லு குடிக்கிற மட்டும் தண்ணீர் அடித்தான். பூசி முடித்து, பைப்பைச் சுருட்டித் திருப்பிக் கொடுக்கப் போனான். செல்லம்மாள் அப்போதும் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டாள்.