விளிம்பு வரை தேநீர்

1

கிர்கிஸ்தானின் நாரின் ஊரில் ஒரு மூட்டு டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னதைத் திருடித்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். கிருமியை மடக்க முடியாத ரத்த வெள்ளை அணு தன்னையே வெடித்துக்கொண்டு, தனக்குள் இருக்கும் நூலை வலையாக வீசுமாம். விடுவேனா? உடனே எழுதினேன்:

அந்த மாவீரன் தன் குடலை உருவி

(அடித்துவிட்டேன். அணுவுக்கு ஏது குடல்?)

2

ஆள் வேண்டுமே. புருல்கான் வந்தாள். விரல் மூட்டெல்லாம் வீங்கிய மருமகள். டாக்டர் அவளிடம் சொன்னார்:

“கிருமி இல்லாதப்பவும் ஒன் வெள்ளை அணுங்க வலை வீசுதும்மா. அந்த வலை மூட்டுல குப்பையா கெடக்கு. அத அந்நியம்னு நெனச்சு ஒடம்பு தன்னையே அடிக்குது. இந்த மாத்திரை அத அடக்கும். விட்டா விரல் கோணிக்கும்.”

மாமியார் தமாராவுக்குப் பொறுக்கவில்லை. “காவலுக்கு நிக்கிறவனத் தூங்க வைக்கவா மருந்து? குமிஸ் குடி, கெலின். தெம்பா சண்டை போடட்டும்!”

மாத்திரை டப்பா மாவு மூட்டைக்குப் பின்னால் போனது.*

* தமாராவைத் திட்டாதீர்கள். தன் கெலினுக்காகவே, அதாவது மருமகளுக்காகவே, குதிரைப்பாலைப் புளிக்க வைத்து குமிஸ் ஆக்கியவள் அவள்.

3

நாத்தனாரைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். தேநீர் ஊற்றுவது மருமகள் வேலை. கிண்ணத்தில் பாதிதான் ஊற்ற வேண்டும். நிரப்பினால் ‘கிளம்புங்கள்’ என்று பொருள். புருல்கானின் விரல்களால் கெட்டிலை நிமிர்த்த முடியவில்லை. மாப்பிள்ளையின் அப்பா முன்னிருந்த கிண்ணம் விளிம்பு வரை நிறைந்தது.

அவர் எழுந்துவிட்டார். “வந்தவங்கள வெரட்டுறீங்களா?”

முடிவு ஒன்று: சம்பந்தம் முறிந்தது. புருல்கான் பிறந்த வீட்டுக்கு

(வேண்டாம். அவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு இல்லை.)

முடிவு இரண்டு: புருல்கான் வீங்கிய கைகளை எல்லார் முன்னும் நீட்டினாள். “வெரட்டலைங்க. கை சொன்னபடி கேக்கல.”

தமாரா அந்தக் கைகளைப் பார்த்தாள். கிண்ணத்தை வெடுக்கென்று எடுத்து, கொதிக்கக் கொதிக்கப் பாதியைக் குடித்தாள். கண்ணில் நீர் முட்ட மீதியை அவர் முன் வைத்தாள்.

“இப்பப் பாதிதான் இருக்கு. ஒக்காருங்க.”

“எச்சில் தேத்தண்ணியா எனக்கு?” என்று சிரித்தபடி அவர் உட்கார்ந்தார்.

4

இங்கேயே முடித்திருக்கலாம். கல்யாணம் நிச்சயம், ஒரு நாக்குதான் நஷ்டம். ஆனால் விருந்தினர் போனபின் தமாரா மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்திலேயே ஒரு கிண்ணம் குமிஸும் வைத்தாள்.

“எதையாச்சும் எடு. நான் பாக்கல,” என்று குழறிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

புருல்கான் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திருக முடியவில்லை. மறுபடி முயன்றாள். “அபா...” என்று மாமியாரைக் கூப்பிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்டதா, தெரியவில்லை.

நான் திறந்துவிடலாம். திறந்தால் கதை மருந்து விளம்பரம் ஆகிவிடும். உங்கள் விரல்கள் நன்றாகத்தானே இருக்கின்றன?