பாத்திரம் வந்தபோது

…முப்பத்தெட்டாயிரம் என்றுதான் போட்டிருக்கிறது, கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தாலும் அதேதான், போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதே பொன்னுதுரையின் ரிப்போர்ட்டில் எச்ஐவி கிருமி கண்டறியப்படவில்லை என்று வந்ததே, இப்போது ரத்தத்தில் இத்தனை எங்கிருந்து முளைத்தது, எங்கிருந்து என்றா கேட்கிறாய் கிருபாபாய், உனக்குத் தெரியாதா… மாத்திரையை விட்டிருக்கிறான், அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக எச்ஐவிக்கு மருந்து கொடுக்கிற இந்த ஏஆர்டி மையத்தில், ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் நாற்காலியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் அதைத்தானே ஓதுகிறாள், ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, தவறாமல் போட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், விட்டால் ஏறும் என்று. பதினொரு மணிக்கு வாரேன் என்று போனில் சொன்னான், மணி பத்தே முக்கால். அவன் வந்ததும் நிரப்ப வேண்டிய தாள் மேசையில் கிடக்கிறது, மாத்திரை தவறியதற்குக் காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள், பயணம், மறதி, குடி, பக்கவிளைவு, வீட்டாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்… கவுன்சிலர் என்று ஒரு கட்டம் இல்லை. இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்துவிடலாம்.

அவன் பாட்டுக்கு இருந்தான், துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டு, வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு. இருவரும் ஒரே சபை, வெளியில் பார்த்தால் தெரியாத மாதிரி போய்விடுவோம் என்று முதல் நாளே பேசி வைத்தாயிற்று. திருவிருந்து ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான், ஆறு வருஷம் அப்படி, எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைத்துத் திராட்சரசம் குடிக்கிற இடத்தில் தான் எப்படி வாய் வைப்பது என்று. குடிகாரப்பய, மனசாட்சி குத்துது, அதான் பந்தியில சேர மாட்டேங்கான் என்று சபையில் பேசினார்கள், அவன் ஒரு சொட்டு தொட்டதில்லை, இவளுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க முடியாத வேலை. சும்மா விட்டாளா… படப்புத்தகத்தை விரித்து, இரண்டு பேர் ஒரே டம்ளரில் டீ குடிக்கிற படத்தில் விரலை வைத்து, எச்சிலில் பரவாது, மாத்திரை போட்டாலும் பரவாது போடாவிட்டாலும் பரவாது, தைரியமா வாங்க என்று ஒவ்வொரு தடவையும் நச்சரித்தது யார், இவள்தானே.

ஈஸ்டர் அன்று வந்துவிட்டான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டு, சபையே திரும்பிப் பார்க்க நடந்து வந்து, பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்கால்படியிட்டபோது பார்த்தால் இவளுக்குப் பக்கத்தில் அவன். குருவானவர் பாத்திரத்தை முதலில் அவனுக்குத்தான் கொடுத்தார், ஒரு வாய் குடித்தான், தொண்டை ஏறி இறங்கியது, கண் நிறைந்துவிட்டது பாவி மனுஷனுக்கு, குருவானவர் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, இவளிடம் நீட்டினார்… உதட்டை மூடிக்கொண்டாள். யார் மூடச் சொன்னது? குடித்தவள்போலத் தலையைச் சாய்த்து, ஆமென் வேறு சொல்லி, எழும்பும்போது பார்த்தால் அவன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜலதோஷம் என்று வைத்துக்கொள்ளலாமா, கொரோனாவுக்குப் பிறகு எத்தனையோ பேர் அப்படித்தானே செய்கிறார்கள்… யாரிடம் கதை விடுகிறாய். பிறகு மருந்து வாங்க வேண்டிய நாள் வந்தது, அவன் வரவில்லை. வேறு யாராவது இரண்டு நாள் பிந்தினால் விரட்டி விரட்டிக் கூப்பிடுகிறவள், இவன் பெயரில் விரல் வந்ததும் நாளைக்கு, நாளைக்கு என்று ஐம்பது நாளை ஓட்டினாள். காய்ச்சலோடு அவனே வந்த அன்று இவள் லீவு, டாக்டர்தான் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு போன் போட்டிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது.

கதவைத் தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். மெலிந்து, சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நிற்கிறது. சாப்பிடுகிறீர்களா, காய்ச்சல் விட்டதா என்று எதையெதையோ கேட்டாள், ரிப்போர்ட்டைக் காட்டினாள், ஏன் விட்டீர்கள் என்றும் கேட்டாள். லோடு அதிகம், அலைச்சல், மறந்துபோச்சு என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. ஆண்டவரே, எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறான்… பேனா மறதி என்ற கட்டத்துக்குப் போய்விட்டது, அந்த ஒரு நொடி அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அதை நினைத்தால்தான் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பேனாவைக் கீழே வைத்தாள்.

“ஈஸ்டர் அன்னைக்கு நான் குடிக்கல. நீங்க பாத்தீங்க.”

அவன் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“பாத்தேங்க்கா. கோவமெல்லாம் இல்ல. ஒங்களுக்கே பயம்னா, இத்தன வருசமா எனக்குச் சொன்னதெல்லாம் சும்மா ஆறுதலுக்குத்தான்னு தோணிட்டு. அப்ப மாத்திர மட்டும் எப்படி நெசமாவும்?”

இவள் பதறிப்போய் என்னென்னவோ சொன்னாள், மாத்திரை நிஜம், படத்தில் இருந்தது நிஜம், சொன்ன நான்தான் சரியில்லை, என்மேல் உள்ள வெறுப்பில் உங்கள் உயிரை விட்டுவிடாதீர்கள் என்று. மருந்து டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் எடுத்தான், திறக்கவில்லை, கையில் வைத்து உருட்டினான்.

“வார ஞாயித்துக்கெழம திருவிருந்து இருக்குல்லா. நான் குடிச்சப்பொறம் நீங்க குடிப்பீங்களா?”

“குடிப்பேன்” என்றாள், உடனே. கனிவாக, தெளிவாக, இந்த நாற்காலியில் உட்காருகிற எல்லோரிடமும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பேசுகிற அதே குரலில். அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சரிக்கா என்று எழுந்து போனான். குடிப்பாளா… பொய் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்லவில்லை, ஆனால் நிஜமா என்பது ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் வரும்வரை அவளுக்கே தெரியாது, அவனோ இன்று ராத்திரியே மாத்திரை போட வேண்டும்.