டயர் போடாத சூளை

வடிவம்மாளுக்கு வலது தோள் மேலே போகவில்லை. முடியை இடது கையாலேயே அள்ளிச் செருகிக்கொண்டாள். வேகாத பச்சைச் செங்கல்லை எல்லாம் சூளைக்குள் அடுக்கி முடித்த உடம்பு, குனிந்தால் நிமிர மறுத்தது. இனி நெருப்பு வைக்கவேண்டியதுதான் என்று இருந்தபோது டிரைவர் இஸ்மாயிலின் லோரி வந்து நின்றது. பின்னால் முழுக்கப் பழைய டயர்.

"ஜுருவுல கார் பட்டறைக்காரன் சும்மா குடுத்தான்க்கா," என்றான் சூளை முதலாளி குகன். "வெறகு விக்கிற வெலைக்கு வேற வழி இல்லலா. சூலியா தெரு நூர் முகம்மது கடையைப் பழுது பாக்க இந்தக் கல்லுக்குத்தான் நிக்கிறாரு. இது வேகாம போச்சின்னா சூளைய மூடிட்டு நானும் பேக்டரிக்குத்தான் போவணும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. சூளை மூடினால் வடிவம்மாளுக்கும் சோறு இல்லை. ஆனால் போன தடவை டயர் எரித்தபோது நடந்ததையும் அவள் பார்த்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் காமாரியா மீன்மாவை அவித்துச் சீவித் தட்டுத்தட்டாகக் கெரோப்போ அப்பளம் காயவைப்பாள். அதுதான் அவள் பிழைப்பு. அதன்மேல் கரி இறங்கியது. அத்தனையையும் கோழிக்குக் கொட்டினாள்; கோழியும் தின்னவில்லை. வடிவம்மாள் இருமித் துப்பியதும் அதே கறுப்பு.

"டயரு போட்டா நான் நெருப்பு வைக்கமாட்டேன், தம்பி."

குகனின் முகம் சுருங்கியது. யார் அடுக்கினாரோ அவர்தான் முதல் நெருப்பு வைக்கவேண்டும் என்பது அந்தச் சூளையின் வழக்கம். எங்கே சந்து விட்டிருக்கிறது, எந்தப் பக்கம் காற்று இழுக்கும் என்பது அடுக்கியவருக்குத்தான் தெரியும். இன்னொருவர் அடுக்கியதில் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். இருந்தும் இஸ்மாயிலைப் பார்த்தான்.

"என்னைப் பாக்காதீங்க பாஸ். நான் லோரி ஓட்டுறதோட சரி. கல்லு கெட்டுப்போச்சின்னா அடுத்த சூளையில அக்கா என்னைத்தான் கல்லா வெச்சி அடுக்கும்."

வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த காமாரியா வாயைத் திறந்தாள். மலாய்க்காரிதான், ஆனால் பாகான் டாலாமில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். சண்டையும் தமிழில்தான் போடுவாள்.

"ஏய் குகன்! என் வீட்டுக்குப் பின்னால மண்ணை வெட்டி எடுத்தே, மூடித் தரேன்னு சொன்னே, மூடல. இப்ப புகையும் தர்றியா? பாசார்ல என் தம்பி தேங்காப்பால் பிழியிறான். தேங்கா மட்டை மலையா கெடக்கு. லோரியை அங்க அனுப்புலா!"

"மட்டை பொசுக்குன்னு எரிஞ்சிடும். ஒக்கார முடியாது. யாரு போட்டுக்கிட்டே இருக்கிறது?"

"நான் போடுறேன்," என்றாள் வடிவம்மாள்.

"ஒத்தக் கையாலயா?"

"இன்னொரு கை எங்கிட்ட இருக்கு," என்று காமாரியா சாரோங்கைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

டயர் பட்டறைக்கே திரும்பிப் போனது. இருந்த ரப்பர் மர விறகை அடியில் வைத்து வடிவம்மாள் நெருப்பு வைத்தாள். அதற்குப் பிறகு ஓயாத மட்டைதான். ஒருத்தி தள்ள, ஒருத்தி எடுத்துக் கொடுக்க, இஸ்மாயில் லோரி லோரியாகக் கொண்டுவந்து கொட்டினான். முதல் நாள் குகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மறுநாள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான்.

"வாங்க மொதலாளி, வேலை காலி இருக்கு," என்றாள் காமாரியா.

புகை வந்தது. வெள்ளைப் புகை. கெரோப்போத் தட்டில் ஒரு புள்ளி விழவில்லை.

சூளை ஆறியதும் பிரித்தார்கள். நூர் முகம்மது நேரிலேயே வந்துவிட்டார். வடிவம்மாள் நடுவிலிருந்து இரண்டு கல்லை உருவி ஒன்றோடொன்று தட்டினாள். கணீரென்றது. இன்னும் இரண்டு. அதுவும் கணீர். ஓரத்துக் கல் சிலது அரைவேக்காடு, ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் ரத்தச் சிவப்பு.

நூர் முகம்மது நகத்தால் கீறிப் பார்த்தார். நகம்தான் தேய்ந்தது. "ஏத்துங்கப்பா," என்றார்.

கல்லேற்றிக் கிளம்பிய இஸ்மாயில் சாலை திரும்பும்வரை ஹாரனை விடவில்லை. காமாரியா பொரித்துக் கொண்டுவந்த கெரோப்போ வெள்ளைவெளேரென்று இருந்தது. வடிவம்மாள் வலது கையாலேயே எடுத்துக் கடித்தாள். தோள் வலித்தது. வலிக்கட்டும் என்று இன்னொன்றும் எடுத்தாள்.

"அடுத்த சூளைக்கும் மட்டைதான்க்கா," என்றான் குகன், வாய் நிறைய.

"சரி. குழி?" என்றாள் வடிவம்மாள்.

குகன் மெல்லுவதை நிறுத்தினான். காமாரியாவின் வீட்டுக்குப் பின்னால், பச்சைத் தண்ணீர் தேங்கி, அது வெட்டியபடியே கிடந்தது. சூளை அவளுக்கு ஒரு குழி மண் இன்னும் பாக்கி வைத்திருந்தது.