மதிப்புன்னு ஒரு கட்டம்

தறிக்குழியில கால் மாத்தி கால் மாத்தி மிதிச்சுகினே, திலகவதி ஒரு கண்ண போன் மேலயே வெச்சிருந்தா. தறிக்கால்ல ஆணி அடிச்சு, ரப்பர் பேண்டு போட்டு அந்தப் போன மாட்டி வெச்சது அவ புருஷன் தனசேகரன்தான். நாலு இழை ஓட்டுவா, ஒரு தடவ தொட்டுப் பாப்பா. பார்சல் சென்னையில ஏறுச்சு, துபாய்ல எறங்குச்சு, சிகாகோ போச்சு. அதுக்கப்புறம் மூணு நாளா ஒரே சேதிதான். ‘சுங்கத்துல நிறுத்தி வெச்சிருக்கு.’

“நிறுத்தி வெச்சான்னா எங்கங்க வெப்பாங்க? தரையிலயா, ரேக்குலயா?”

தனசேகரன் ஓரமா ராட்டையில ஊட நூலத் தார்க்குச்சியில சுத்திகினு இருந்தான். “எனக்கின்னா தெரியும்? நான் போய் வந்தா மாதிரி கேக்கற.”

“பிரிச்சுப் பாத்திருப்பாங்களா?”

“பாத்திருப்பான்.”

“பிரிச்சா திரும்ப மடிக்கத் தெரியுமா அவனுக்கு? சரிகைய வெளிப்பக்கமா வெச்சு மடிச்சா கறுத்துப் போயிடுமே.”

“உன் சேலைய மடிக்கறதுக்குதான் அவனுக்கு சம்பளம் தராங்களா? நெய்யி.”

இருபத்திரண்டு வருசமா சேவூர்ல இந்தத் தறி ஓடுது. பட்டு, சரிக எல்லாம் பன்னீர்செல்வம் முதலாளி குடுப்பாரு. இவங்க அத சேலையா நெஞ்சு குடுத்துட்டு கூலி வாங்கிகினு வருவாங்க. இந்த வருசந்தான் மொத மொதல்ல சொந்தக் காசுல பாவு நூல் வாங்கித் தறியில பூட்டினது. ஒரு பாவுல மூணு சேல. மொத சேல டெக்ஸாஸ்ல இருக்கற ராதிகாவுக்கு. வெம்பாக்கத்துப் பொண்ணு, வளகாப்புக்குக் கட்டணும்னு கேட்டுச்சு. இது நல்லா வந்தா, கூட வேல செய்யறவங்க நாலு பேரு வாங்கறேன்னு சொல்லியிருந்தாங்க. அந்த நாலும் வந்துட்டா பன்னீர்செல்வம் வாசல்ல போய் நிக்க வேணாம். வரலன்னா, மிச்ச ரெண்டு சேலையையும் அவரு சொன்ன ரேட்டுக்கு அவரு கையிலயே குடுத்துட்டு, மறுபடியும் பாவு கேக்கணும்.

மத்தியானம் ராதிகா வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு.

“அக்கா, இங்க முன்னல்லாம் சின்ன பார்சலுக்கு வரி கெடையாதுக்கா, இப்ப எல்லாத்துக்கும் உண்டு. அது பரவால்ல, நான் கட்டிக்கறேன்னுதான் சொன்னேன். ஆனா ஃபார்ம்ல சேலை மதிப்பு மூவாயிரத்து எண்ணூறுன்னு இருக்காம். நான் உங்களுக்கு அனுப்புனது பதினாறாயிரம். பேங்க் ரசீது கேட்டாங்க, குடுத்துட்டேன். இப்ப ரெண்டும் ஒத்து வரலன்னு நிறுத்திட்டாங்க. ஏன்க்கா அப்படிப் போட்டீங்க?”

திலகவதி அத ரெண்டு தடவ கேட்டா. அப்புறம் கைய கழுவிகினு, டவுன் பஸ்ஸ புடிச்சு ஆரணி போனா.

கூரியர் கட கோபிநாத் அட்டப்பெட்டிக்கு டேப் ஒட்டிகினு இருந்தான். “வாக்கா. இன்னா, சேல அமெரிக்கா பாத்துச்சா?”

“மதிப்பு தப்புன்றாங்கப்பா. நீ இன்னா எழுதன?”

“நீ சொன்னததான் எழுதனேன். வரிக்கு பயந்து கம்மி பண்ணி சொல்ற, நல்ல விவரமான ஆளுதான்னு நெனச்சேன்.”

“எங்க கம்மி பண்ணேன்? அதான் அதோட ரேட்டு.”

“எதோட ரேட்டு?”

“ஒரு சேல நெஞ்சா மூவாயிரத்து எண்ணூறு.”

கோபிநாத் டேப்ப கீழ வெச்சான். “யக்கா, அது கூலி. நான் கேட்டது மதிப்பு.”

“நீ சேலைக்கு எவ்வளோன்னுதான கேட்ட? யாரு கேட்டாலும் அததான சொல்வேன்.”

கணக்கெடுக்க வந்தவங்க கேட்டிருக்காங்க, சங்கத்துல கேட்டிருக்காங்க, பொண்ணு ஸ்கூல்ல கேட்டிருக்காங்க. சேலைக்கு எவ்வளோ கெடைக்குதுன்னா கூலிதான். வெலைன்றது சேல இந்த வீட்ட விட்டுப் போனப்புறம் பன்னீர்செல்வம் சீட்டுல எழுதறது. அது இன்னான்னு இவங்க யாரும் பாத்ததில்ல. ராதிகா அனுப்பின பதினாறாயிரம் கூட பட்டு, சரிகக் கடன அடைக்க வந்த பணம்னுதான் அவளுக்கு நெனப்பு.

கோபிநாத்துக்கு சிரிப்பு வந்துச்சு, அடக்கிகினான். “சரி, உக்காரு. தெரியாம நடந்துச்சுன்னு ஒரு லெட்டர் அனுப்பிப் பாக்கலாம். ஜல்தியா அனுப்பணும், இல்லன்னா திருப்பி விட்டுடுவான்.”

அவன் இங்கிலீசுல தட்டத் தட்ட திலகவதி அந்த ஸ்கிரீனையே பாத்துகினு இருந்தா.

“ஏம்பா, எதுக்கு அந்த ஊர்ல இப்படி ஒரு வரி?”

“அங்கயும் கட வெச்சிருக்கறவன் இருக்கறான்ல? எல்லாரும் போன்லயே வெளிநாட்லருந்து வாங்கினா அவன் இன்னா பண்ணுவான்? அதுக்கும்தான்னு சொல்லிக்கறாங்க.”

“அப்படின்னா நியாயந்தான். நம்ம பஜார்ல துணிக்கட சிவகுமாரும் அததான சொல்லிகினு கீறாரு, போனாலதான் போனியே இல்லன்னு.” ஸ்கிரீன விட்டு அவன் பக்கம் திரும்பினா. “அங்க சேலக்கட கூட இருக்குதா?”

“இல்லாமயா?”

“அந்தக் கடைக்கு யாரு நெஞ்சு குடுக்கறாங்க?”

கோபிநாத் திரும்பிப் பாத்தான். “நீ ஒருத்தி, பேஜாரு பண்ணாதக்கா. லெட்டர்ல ஸ்பெல்லிங் தப்பாவுது. இந்தா, கையெழுத்து போடு.”

‘நான் நெசவு செய்பவள். தெரியாமல் என் கூலியை எழுதிவிட்டேன்’னு அவன் தமிழ்ல படிச்சுக் காட்டினான். சரியாத்தான் இருந்துச்சு. போட்டோ புடிச்சு கூரியர் ஆபீசுக்கும் ராதிகாவுக்கும் அனுப்பினான்.

ரெண்டு நாள் பதிலே இல்ல. மூணாவது நாள் ராதிகா பேசுச்சு.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. லெட்டர் குடுத்தேன். கூலிய எல்லாம் மதிப்புன்னு எடுத்துக்க முடியாது, பில்லு வேணும்னு சொல்றாங்க. எங்க விசா இப்பதான் புதுப்பிக்கப் போட்டிருக்கு. பொய் மதிப்புன்னு எதுலயாவது என் பேரு வந்துடுமோன்னு அவரு ரொம்ப பயப்படறாரு. பார்சல் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. உங்களுக்குத் திரும்ப வந்துடும். பணம் மெதுவா குடுங்க, அவசரம் இல்ல.”

“பரவால்ல மா. நீ ஒடம்பப் பாத்துக்கோ. வளகாப்புக்கு இன்னா கட்டுவ?”

“இங்கயே ஒரு கட இருக்குக்கா, போய்ப் பாக்கறேன். அந்த நாலு பேரும் கூட... அவங்களும் பயந்துட்டாங்க.”

தனசேகரன் ராட்டைய நிறுத்திட்டு எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தான். சட்டைய மாட்டிகினு பன்னீர்செல்வத்தப் பாக்கக் கெளம்பிப் போனான். திரும்பி வரும்போது தோள்ல பாவு மூட்ட இருந்துச்சு. “மிச்ச ரெண்டு சேலையையும் நெஞ்சு எறக்கி எடுத்தாங்கன்னாரு. சரின்னு சொல்லிட்டேன்”னு மூட்டைய மூலையில வெச்சான்.

ஞாயித்துக்கெழம ராதிகா போட்டோ அனுப்பியிருந்துச்சு. கடக் கண்ணாடி முன்ன நின்னு, அரக்குச் சேலைய தோள்ல போட்டுப் பாக்குது. கூடவே ஒரு வாய்ஸ்.

“உங்க சேல போட்டோவத்தான் கடையில காட்டினேன்க்கா. இதே அன்னம் பார்டர் எடுத்துப் போட்டாங்க! வரியெல்லாம் கடைக்காரங்களே கட்டிட்டாங்களாம், பில்லு சுத்தமா இருக்கு. ஆரணிப் பட்டுன்னே சொல்லி விக்கறாங்க. பாருங்க, நல்லா இருக்குதா?”

திலகவதி ரெண்டு வெரல வெச்சுப் போட்டோவ விரிச்சா. முந்தானி. ஒடம்பு. பார்டர். ஒரு எடத்துல வெரல் நின்னுடுச்சு. தறியவிட்டு எறங்கி, வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பாத்தா.

“இன்னா அப்படிப் பாக்கற?” தனசேகரன் பின்னாலயே வந்தான்.

“ஆடி மாசம் தறியில டிசைன் அட்ட ஒன்னு கிழிஞ்சுதே, ஞாபகம் இருக்குதா? பாத்து மாத்தறதுக்குள்ள மூணு அன்னத்துக்குக் கண்ணு விழாமப் போச்சு.”

“அதான் முதலாளி கூலியில எண்ணூறு புடிச்சுக்கினாரே. கண்ணில்லாத அன்னத்த எவன் தலையில கட்டறதுன்னு கத்தனாரு.”

திலகவதி போன அவன் பக்கம் திருப்பினா.

அவன் கிட்ட குனிஞ்சு கண்ணில்லாத அன்னத்த எண்ணினான். ஒன்னு. ரெண்டு. மூணாவது அன்னத்து மேல ஒரு சின்ன வெள்ளச் சீட்டு தொங்கிகினு இருந்துச்சு, நானூத்தி முப்பது டாலர்னு. சேலையில எங்கயும் ஊசி குத்தின தடம் தெரியக்கூடாதுன்னு பாத்துப் பாத்து, கண்ணு இருக்க வேண்டிய எடத்துலதான் அதக் குத்தியிருந்தாங்க.