நூற்றியெட்டுத் தாம்பூலப் பைகள்

செகந்திராபாத் சைனிக்புரியில் ஒரு பழைய பங்களாவுக்கு வெள்ளையடித்துக் கலைக்கூடம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். அதன் கூடத்தில் சாஹித்யா நூற்றியெட்டு மஞ்சள் தாம்பூலப் பைகளைத் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய், ஓர் அட்டை. அட்டையில், பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ ஒரு வீட்டில் நிஜமாகவே சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியம். இரண்டு வருட உழைப்பு. ஆறு மணிக்கு நடுவர் உலகநாதன் வந்து தலையசைத்தால் டில்லிக் கண்காட்சிக்குப் போகும்.

அவள் அம்மா கிரிஜாவுக்கு இதில் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதி: பெண்ணுக்கு முப்பது வயதில் ஒருவழியாக ஏதோ விசேஷம் நடக்கிறது. ஆகவே போலாரத்திலிருந்து பதினாலு மாமிகளை வேன் வைத்து வரவழைத்துவிட்டாள். மாமிகள் பட்டுப்புடவையில் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், ஜூஸ் குடித்துவிட்டு, டிபன் கிடையாது என்பதை உறுதி செய்துகொண்டு, ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள்.

வாசலில் நின்ற கிரிஜாவின் கை, அவளைக் கேட்காமலே பக்கத்தில் தொங்கிய ஒரு பையைக் கழற்றிக் கல்பகம் மாமியிடம் நீட்டியது. அப்புறம் மற்றவர்களுக்கும்.

வேன் தெருமுனையைத் தாண்டிய பிறகுதான் சாஹித்யா மாடியிலிருந்து இறங்கினாள்.

"அம்மா, வாசலோரம் இருந்த பையெல்லாம் எங்கே?"

"குடுத்தனுப்பிச்சேன். வந்தவாளை வெறுங்கையோடயா அனுப்புவா?"

"ஐயோ, அது ஆர்ட்மா."

"தேங்காயா?"

சாஹித்யா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். கொடுத்த தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்டவள் என்று செகந்திராபாத்தில் பேர் வாங்கினாலும் சரி என்று கிரிஜா போனை எடுத்தாள்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்," என்றாள் கல்பகம். "வேனைத் திருப்பியாச்சு."

அதற்குள் உலகநாதன் வந்துவிட்டார். காலிக் கொக்கிகளைப் பார்த்தபடி, மணப்பெண்ணின் மௌனம் பற்றி ஆரம்பித்தார். இரண்டாவது வாக்கியத்தில் பதினாலு பேர் உள்ளே நுழைந்தார்கள்.

"சாஹித்யா," கல்பகம் அட்டையை ஆட்டினாள். "'சிரிச்சா ஈறு தெரியறது, போட்டோல வாயை மூடிக்கச் சொல்லுங்கோ.' இது நான் சொன்னதுடி. என் மாட்டுப்பொண் உங்கிட்ட சொன்னாளா?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டேன் மாமி."

"நக்கோ, சொல்லாதே. நான்தான்." அட்டையைப் பையில் திருப்பிச் செருகினாள். "என்னைப் பார்க்க வந்தவா, பொண்ணு ரொம்ப உசரம், கூனிண்டே நடக்கச் சொல்லுங்கோன்னா. அதையும் எழுதி மாட்டு."

அவ்வளவுதான். ஆளுக்கொரு அட்டை கேட்டுப் பிடுங்கினார்கள். எழுதினார்கள், படித்தார்கள், சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் எழுதி முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த மௌனம் இருக்கிறதே..." என்று உலகநாதன் மறுபடி தொடங்கினார்.

"செத்த இருங்கோ," என்றாள் கல்பகம். "உங்க பிள்ளைக்குப் பொண்ணு பார்க்கப் போயிருப்பேளோல்லியோ? அங்கே என்ன சொன்னேள்?"

உலகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, மேலும் துடைத்தார். பிறகு டில்லிக்கான படிவத்தை எடுத்து சாஹித்யாவிடம் நீட்டினார்.

பயன்படுத்திய பொருட்கள் என்ற இடத்தில் அவள் எழுதினாள்: துணி, தேங்காய், அட்டை.

"எங்களையும் போடு," என்றாள் கல்பகம். "பதினாலு மாமின்னு எழுது."

கிரிஜா தன் அட்டையை எழுதி முடித்து, மை காய ஊதிக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு," என்றாள்.