பொன்மாங்காய்ப் புடவை

1

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, கண்ணுகளா? இந்தக் கதை பிறந்தது ஒரு சிரிப்பில். போன மாதம் அடையாற்றில் ஒரு வீட்டு மொட்டைமாடியில், வஜீஹா புடவைக்குக் கஞ்சி போட்ட கதையை வழக்கம்போலச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து வஜீஹாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதனால்தான், ஆறு வருஷமாக வாயால் சொன்னதை இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 1973. தியாகராய நகரின் ஒரு சந்தில், பொன்னொளி வீசும் கனவுகளோடு மூன்று பெண்கள்...

வேண்டாம். நாங்கள் அச்சடித்த கொட்டகையில் மண்ணெண்ணெய் வாடைதான் வீசியது.

இரண்டாம் தொடக்கம்: இசக்கியம்மாள் புடவைக்கு அச்சுப் போடுகிறவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. சாயத்தில் அச்சடிக்க எத்தனையோ பேர் இருந்தார்கள். அவளுக்கு நூல்புடவையில் பொன்னிறம் வேண்டும். பித்தளைத் தூளைப் பசையில் குழைத்து, ஸ்கிரீன் என்ற வலைச்சட்டத்தின் வழியாகத் தேய்த்து, பின்பக்கம் இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி, ஏழு மாதம், நாற்பது துண்டுத் துணி. தோய்த்தால் உதிராத பசை ஒருவழியாகக் கைக்கு வந்தது. ஸ்கிரீன் பிடிப்பது ராயப்பேட்டை வஜீஹா. துணியை மேஜையில் விரிப்பது நான். ஐம்பத்தாறு வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. [இது பெருமைக்காகச் சேர்த்த வரி. அடிக்கமாட்டேன்.]

ஜவுளிக்கடை சிதம்பரநாதன் சொன்னார்: "ஏ இசக்கி, என் கண்ணு முன்னால மூணு தண்ணி அலசினாலும் தாங்கட்டும். கடை முகப்புக் கண்ணாடியில வைக்கேன். இல்லன்னா இந்தத் தங்க ஆசைய விட்டுரணும்."

3

அரக்கு நிறப் புடவையில் பொன் மாங்காய்கள். அப்படியொரு அச்சு! கடையின் பின்கட்டில் ஒரு வாளி வைத்தார்கள். முதல் முக்கிலேயே மாங்காய்கள் கழன்று மிதந்தன.

"சேலை மினுங்கல, தண்ணிதான் மினுங்குது," என்றார் சிதம்பரநாதன். "வாளியத் தூக்கி முகப்புல வைக்கட்டா?"

இசக்கி தண்ணீரை விரலில் தேய்த்தாள். வழவழத்தது.

"கஞ்சில்லா! யாரு கஞ்சி போட்டது?"

"நான்தான்க்கா," என்றாள் வஜீஹா. "சுருக்கம் வுழக்கூடாதுன்னு போட்டுட்டேன். இப்போ இன்னா, என்னையும் வாளில முக்கப்போறியா?"

பொன் ஒட்டியது கஞ்சிமேல். கஞ்சியோடு அதுவும் போயிற்று. துணியை அது தொடவே இல்லை.

(இந்த இடத்தில்தான் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் நிறுத்தி இடம் கொடுப்பேன்.)

4

எழுதும்போது இந்த வஜீஹாவை என்னால் நம்ப முடியவில்லை. ஸ்கிரீன் பிடிக்கிறவளுக்குக் கை முழுக்கப் பசை. அவள் ஏன் துணியைத் தொடப்போகிறாள்? துணியைத் தொடுகிறவள்...

நான்.

"எங்காத்துல கஞ்சி போடாம ஒரு நூல்புடவை கொடிக்குப் போனதில்லையாக்கும்" என்று பீற்றிக்கொள்கிறவள். அச்சடிப்பதற்கு முதல்நாளே புடவையை மயிலாப்பூரில் என் வீட்டுக்கு எடுத்துப்போய், வடித்த கஞ்சியில் முக்கி, காகிதம்போல விறைப்பாக மடித்துக் கொண்டுவந்தவள். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வஜீஹா வாயைத் திறந்தாள்.

5

"அண்ணாச்சி, என் பசையில குத்தமில்ல. நாளைக்கு இன்னொண்ணு கொண்டாரேன்," என்றாள் இசக்கி.

"நாளைக்கு மட்டுந்தான்."

புதுப்புடவையை, கடைக் கஞ்சியும் போக, வெந்நீரில் மூன்று முறை அலசினேன். விளிம்பெல்லாம் குண்டூசி குத்தி, ஒரு சுருக்கமில்லாமல் விரித்தேன். இசக்கியும் வஜீஹாவும் ராத்திரியே அச்சடித்து முடித்தார்கள். மறுநாள் அதே வாளி. மூன்று தண்ணீர். தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது. பொன் முழுக்கப் புடவையில் இருந்தது.

சிதம்பரநாதன் முகப்பிலிருந்த பட்டுப்புடவையை எடுத்துவிட்டு இதை வைத்தார். எதிர்ச்சாரியில் நின்று நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம், பார்த்தோம், பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"யக்கா, பஸ்ல போறவங்கல்லாம் திரும்பிப் பாக்குறாங்கோ!" என்றாள் வஜீஹா.

"பாக்கட்டும்ட்டி. காசா, பணமா?"

6

ஞாயிற்றுக்கிழமை ராயப்பேட்டைக்குப் போய் இதை வஜீஹாவிடம் வாசிக்கப்போகிறேன்.

ஒரு முடிவு: அவள் சிரிக்கிறாள்.

இன்னொரு முடிவு: "நீ எப்போ சொல்லுவேன்னு ஆறு வருசமா பாத்துக்கினே கீறேன், மாமி" என்கிறாள்.

மூன்றாவதை எழுதக் கை வரவில்லை.

எது வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள். இனி யாருக்கு இந்தக் கதையைச் சொன்னாலும், கண்ணுகளா, கஞ்சிப் பாத்திரத்தை மட்டும் என் கையில் கொடுத்துச் சொல்லுங்கள்.